கூலிக்குக் கணக்கு இருக்கிறது, தொழிலுக்கு இருக்கிறதா?

தருமபுரி மாவட்டத்தின் எந்தச் சேரிக்குப் போனாலும் இன்று வீட்டுக்கு வீடு வங்கிப் புத்தகம் இருக்கிறது. நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் உதவித்தொகை, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, எரிவாயு மானியம், மகளிர் உரிமைத் தொகை என எல்லாமே வங்கி வழியாகத்தான் வருகின்றன. 2014 ஆகஸ்ட் 28-ல் ஜன்தன் திட்டம் தொடங்கிய பிறகு, கணக்கு இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 'எல்லோரையும் வங்கிக்குள் கொண்டுவந்துவிட்டோம்' என்று அரசு சொல்வது இந்த அளவில் உண்மைதான்.

ஆனால் அந்தப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால் இன்னொரு உண்மை தெரியும். பணம் வந்திருக்கும், வந்த அன்றோ மறுநாளோ முழுவதும் எடுக்கப்பட்டிருக்கும். அவை பணம் வாங்கிக்கொள்ளும் கணக்குகள். பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளி வாங்கி விற்பவர், அரூரில் தையல் கடை வைத்திருப்பவர், பென்னாகரத்தில் இருசக்கர வாகனப் பழுது பார்ப்பவர், காரிமங்கலத்தில் கல்யாணப் பந்தல் போடுபவர் ஆகியோரின் தொழில் வரவு செலவு அந்தப் புத்தகத்தில் இருப்பதில்லை. அது சட்டைப்பையிலும் அரிசிப் பானையிலும் நடக்கிறது. இப்போது கியூஆர் அட்டை வைத்திருப்பவர்களிடமும் பணம் போய்ச் சேர்வது பெரும்பாலும் அதே வீட்டுக் கணக்குக்குத்தான்.

இதில் என்ன குறை என்று கேட்கலாம். கடன் கேட்டுப் போகும் நாளில்தான் குறை தெரியும். 'உங்கள் தொழிலில் மாதம் எவ்வளவு புரள்கிறது, காட்டுங்கள்' என்பார் வங்கி மேலாளர். பத்து வருடம் கடை நடத்தியவரிடமும் காட்ட ஒரு தாள் இருக்காது. வெறுங்கையோடு திரும்பியவர் அன்று மாலையே வாரத் தவணைக்காரரிடமோ மீட்டர் வட்டிக்காரரிடமோ போய் நிற்பார். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வங்கியில் வழி இல்லாதவருக்கு அந்தச் சட்டப் புத்தகம் முதல் தராது.

தொழிலின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் தலித் மக்கள் கூலியிலிருந்து தொழிலுக்கு மாறும் பாதையில் முதல் கதவு அதுதான். அந்தக் கதவு ஏன் நமக்கு இறுக்கமாக இருக்கிறது, அதைத் திறக்கச் சட்டமும் விதிகளும் என்ன உதவி செய்கின்றன என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

எண்கள் சொல்வது

2015-16-ல் மத்திய அரசு நடத்திய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 73-வது சுற்று, நாட்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் யார் கையில் இருக்கின்றன என்று கணக்கெடுத்தது. பட்டியல் வகுப்பினர் கையில் இருப்பவை 12.45 சதவீதம். மக்கள்தொகையில் நம் பங்கு 16.6 சதவீதம். இந்த இடைவெளியைவிடக் கவலை தரும் எண் அடுத்தது. குறுந்தொழில்களில் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நம் பங்கு, சிறுதொழில்களில் 5.5 சதவீதமாகச் சுருங்குகிறது. நடுத்தரத் தொழில்களில் கிட்டத்தட்ட பூஜ்யம்.

தொழில் தொடங்கும் துணிச்சல் நம்மிடம் இருக்கிறது என்பதையே இந்த எண்கள் காட்டுகின்றன. தொடங்கியது வளராமல் நின்றுவிடுகிறது. ஒற்றைத் தையல் மெஷின் நான்கு மெஷினாக வேண்டுமென்றால் வெளியிலிருந்து முதல் வர வேண்டும். முதல் வர வேண்டுமென்றால் வங்கிக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். வங்கியைப் பொறுத்தவரை, கணக்கில் வராத தொழில் நடக்காத தொழில்.

தருமபுரி மாவட்ட மக்களில் சுமார் 16 சதவீதம் பேர் பட்டியல் வகுப்பினர். நிலம் உள்ளவர்கள் குறைவு. அடமானம் வைக்கப் பத்திரம் இல்லாதவருக்கு, ஒழுங்காக நடந்த வரவு செலவுதான் பத்திரம்.

எரிந்த வீடுகள் சொல்லும் பாடம்

2012 நவம்பர் 7-ஐ இந்த மாவட்டம் மறக்காது. நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டன. 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன அல்லது சேதப்படுத்தப்பட்டன. சாதி மறுப்புத் திருமணம் ஒன்று காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் அங்கே நேரில் போய் ஆராய்ந்த உண்மை அறியும் குழுக்கள் இன்னொன்றையும் பதிவு செய்தன. அந்த மக்கள் உள்ளூர் நிலக்கூலியை நம்பியிருக்கவில்லை. பெங்களூருவுக்கும் வெளியூர்களுக்கும் போய் உழைத்துச் சம்பாதித்து வீடு கட்டி, வண்டி வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்து மேலே வந்துகொண்டிருந்தார்கள். குறிவைக்கப்பட்டது அந்த முன்னேற்றமும்தான். நகை, பணம், வாகனங்கள், குடும்ப அட்டைகள், படிப்புச் சான்றிதழ்கள் என்று பல ஆண்டு உழைப்பு ஒரே மாலையில் போனது.

அந்த வன்முறைக்கு வங்கிக் கணக்கு தீர்வு என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு வேண்டியது சட்டமும் நீதியும். ஆனால் பாதுகாப்பில்லாத சமூகம் தன் சேமிப்பை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அந்த நாள் ஒரு பதில் சொல்கிறது. வீட்டில் வைத்த பணத்தைக் கொள்ளையடிக்கலாம், எரிக்கலாம். கணக்கில் இருக்கும் பணத்துக்குத் தீ வைக்க முடியாது. கடையில் என்ன சரக்கு இருந்தது, எவ்வளவு நட்டம் என்று நாளை நிரூபிக்க வேண்டி வந்தால், சரக்கு வாங்கியதற்குக் கணக்கு வழியாகப் பணம் கொடுத்தவரிடம் சாட்சி இருக்கும்.

நாட்டுக்கு வழிகாட்டிய மாவட்டம் இது

சின்னத் தொழில் செய்யும் ஏழைகளுக்கு வங்கிக் கணக்கு என்பது தருமபுரிக்குப் புதிதல்ல. இதில் நாட்டுக்கே முன்னால் நடந்த மாவட்டம் இது. 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது இங்கேதான். அன்று கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்துக்குள் இருந்தது. 2004-ல்தான் தனி மாவட்டமானது. வங்கித் தரப்பில் கைகோத்தது இந்தியன் வங்கி.

அந்த முயற்சியின் புதுமை என்ன? பத்து இருபது பெண்கள் கூடி வாரம் ஒரு சிறு தொகை சேர்ப்பார்கள். குழுவுக்குப் பதிவு கிடையாது, உரிமம் கிடையாது, சொத்து கிடையாது. தீர்மானப் புத்தகமும் உறுப்பினர்களின் கையெழுத்தும்தான் ஆதாரம். அதை வைத்துக் குழுவின் பெயரில் கணக்கு தொடங்கினார்கள். ஆறு மாதம் ஒழுங்காகச் சேமித்துக் காட்டியதும், அந்தச் சேமிப்பையே நம்பிக்கையாகக் கொண்டு வங்கி கடன் கொடுத்தது. 1992-ல் நபார்டு வங்கி இதே வழியில் நாடு முழுவதும் 500 குழுக்களைக் கொண்டு முன்னோட்டம் நடத்தியது. 1993-ல் ரிசர்வ் வங்கி, பதிவு செய்யாத குழுவாக இருந்தாலும் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம் என்று உத்தரவிட்டது. இங்கே தொடங்கிய குழுக்கள் பிறகு சேலம், தென்னாற்காடு, மதுரை என்று பரவின; அந்த அனுபவத்திலிருந்துதான் 1997-ல் மகளிர் திட்டம் பிறந்தது.

இதில் நமக்கான பாடம் எளிமையானது. தாள் குறைவாக இருப்பது தடை அல்ல என்று முடிவு செய்தபோது விதி வளைந்தது. ஏழைப் பெண்கள் கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டியும் காட்டினார்கள். பதிவே இல்லாத இருபது பெண்களை நம்பிய வங்கி முறைக்கு, ஆதாரும் பான் அட்டையும் தொழில் பதிவும் கையில் வைத்திருக்கும் தனி ஆளை நம்ப முடியாமல் போவதற்குக் காரணம் இருக்க முடியாது.

கவுன்டரில் சொல்லப்படும் பதில்களும் விதிகளும்

தனி ஒருவர் நடத்தும் கடைக்கோ பட்டறைக்கோ நடப்புக் கணக்கு (பேச்சு வழக்கில் கரண்ட் அக்கவுன்ட்) தொடங்க ரிசர்வ் வங்கியின் விதி தெளிவாக இருக்கிறது. உரிமையாளரின் ஆதார் போன்ற அடையாளச் சான்று, பான், புகைப்படம் வேண்டும். அதோடு தொழில் நடப்பதற்கான சான்றுகளில் ஏதேனும் இரண்டு வேண்டும். உத்யம் பதிவுச் சான்று, உள்ளாட்சி அமைப்பு தரும் கடை உரிமம், ஜிஎஸ்டி சான்று, தொழில் வருமானம் காட்டிய வருமான வரித் தாக்கல், தொழிலின் பெயரில் வரும் மின் கட்டண ரசீது போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. இதை மனதில் வைத்துக்கொண்டு, வழக்கமாகக் காதில் விழும் பதில்களைப் பார்ப்போம்.

'ஜிஎஸ்டி இல்லாமல் கரண்ட் அக்கவுன்ட் கிடையாது.' சரியல்ல. ஜிஎஸ்டி சான்று பட்டியலில் ஒன்று. அதுவே கட்டாயம் அல்ல. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்குப் பொதுவாக ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயையும், சேவைத் தொழில் செய்பவருக்கு 20 லட்சத்தையும் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவே கட்டாயமாகிறது. தேவையில்லாத பதிவை எடுத்துவிட்டு, மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்யும் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

'இரண்டு சான்று இருந்தால்தான் முடியும்.' பாதிதான் உண்மை. இரண்டு தர வழியில்லை என்று வங்கிக்குத் திருப்தி ஏற்பட்டால், ஒரே சான்றை ஏற்றுக்கொண்டு, நேரில் வந்து கடையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று அதே விதி சொல்கிறது. நம் மக்களுக்கு மிகவும் தேவைப்படும் வரி இது. ஊர்த்தெருவில் கடை வாடகைக்குக் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் பல உரிமையாளர்கள் வாடகை ஒப்பந்தம் எழுதித் தருவதில்லை. மின் இணைப்பும் அவர் பெயரில் இருக்கும். அப்படிப்பட்டவர் உத்யம் சான்றை வைத்து, 'கடைக்கு நேரில் வந்து பாருங்கள்' என்று எழுதிக் கேட்கலாம். கேட்டதும் தந்தாக வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை. வங்கியின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. ஆனால் 'விதியே இல்லை' என்று அவர்கள் சொல்ல முடியாது.

'உத்யம் பதிவு இருக்கிறதா?' இது நியாயமான கேள்வி. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பதிவை ஆதார், பான், ஆதாரோடு இணைந்த செல்போன் இருந்தால் வீட்டிலிருந்தே செய்துகொள்ளலாம். அரசின் இணையதளத்தில் இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கும் போலித் தளங்கள் நிறைய உண்டு; ஏமாற வேண்டாம். பான் இல்லாத மிகச் சிறிய தொழில்களுக்கு 2023 ஜனவரியில் உத்யம் அசிஸ்ட் என்ற வழி வந்தது. வங்கி போன்ற நிறுவனங்கள் மூலமாக அதில் பதியலாம். உத்யம் விண்ணப்பத்தில் சமூகப் பிரிவைக் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. கூச்சப்பட்டு அதைப் 'பொது' என்று நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் வகுப்பினர், பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2012 முதல் ஆணை இருக்கிறது. அந்த உரிமையைக் கேட்க இந்தப் பதிவே ஆதாரம்.

'மினிமம் பேலன்ஸ் கட்ட முடியுமா?' இது வங்கிக்கு வங்கி, கணக்கு வகைக்கு வகை மாறும். கையெழுத்துப் போடும் முன்பே குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, குறைந்தால் எவ்வளவு பிடிப்பார்கள், பணம் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்ற மூன்றையும் கேளுங்கள். ஒரு கிளையில் ஒத்துவராவிட்டால் இன்னொரு வங்கியில் கேளுங்கள். பொதுத்துறை வங்கிகளோடு, 2019-ல் பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் இணைந்து உருவான தமிழ்நாடு கிராம வங்கியும், கூட்டுறவு வங்கியும் நம் பகுதியில் இருக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத கட்டம்

இந்தப் பதில்கள் எல்லாச் சாதியினருக்கும் சொல்லப்படுபவைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மற்றவருக்கு அந்தக் கிளையில் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். ஊர்ப் பெரியவர், ரைஸ்மில்காரர், உறவுக்காரரான காசாளர் என்று யாராவது 'நம்ம பையன்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் விதி இளகிவிடும். நமக்கு அந்த வார்த்தை சொல்ல ஆள் இல்லை. விண்ணப்பத்தில் சாதியைக் கேட்காவிட்டாலும் முகவரி சொல்லிவிடுகிறது. ஆதார் அட்டையிலேயே 'காலனி' என்று இருக்கும். அந்தச் சொல் வசைச்சொல்லாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். ஆவணத்தில் அந்தச் சொல் இருக்கும்வரை, கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைப் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்க்கிறார்.

அண்ணல் அம்பேத்கருக்கே இது நடந்தது. கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துவிட்டு 1917-ல் திரும்பி வந்தவர், பிழைப்புக்காகப் பம்பாயில் முதலீட்டு ஆலோசனை சொல்லும் சிறு தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவர் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகிக்கொண்டார்கள். தொழில் மூடப்பட்டது என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923-ல் நூல் எழுதிய மேதையின் தொழில் அறிவு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. குறை எங்கே இருந்தது என்பது நமக்குத் தெரியும். ஆகவே, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட இளைஞர் 'எனக்குத்தான் விவரம் போதவில்லை' என்று தன்னையே நொந்துகொள்ள வேண்டாம். அடுத்த முறை எழுத்தில் கேட்க வேண்டும்.

கடன் மறுக்கப்பட்டால்

கணக்கு தொடங்கி, அன்றாட விற்பனைப் பணத்தை அதில் கட்டி, சரக்குக்கு அதிலிருந்தே கொடுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ ஓட்டிவிட்டால், கடன் கேட்கும்போது பேச்சே மாறும். தாட்கோ கடனோ, மாவட்டத் தொழில் மையம் வழியாகத் தரப்படும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டமோ எதுவானாலும், கடைசியில் பணம் வருவது வங்கி வழியாகத்தான். 2023-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இந்தத் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டில் 35 சதவீதம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் மானியமும், 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. அரசு எவ்வளவு மானியம் அறிவித்தாலும், வங்கி தலையசைக்காவிட்டால் அது தாளிலேயே நின்றுவிடும்.

இங்கே நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பட்டியல் வகுப்பினர், பழங்குடியினருக்கான கடன் வசதி பற்றி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் தொகுத்து அனுப்பியுள்ள அறிவுரை அது. அதன்படி, நம் மக்களின் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கும் முடிவைக் கிளை மட்டத்தில் எடுக்கக்கூடாது. அடுத்த மேல்நிலையில்தான் எடுக்க வேண்டும். நிராகரித்தால் காரணத்தைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். விண்ணப்பத்தை நிரப்ப ஊழியர்கள் உதவ வேண்டும். அரசுத் திட்டக் கடனுக்கு 'முதலில் டெபாசிட் போடு' என்று வற்புறுத்தக்கூடாது.

ஆக, கிளை மேலாளர் வாய்மொழியாக 'ஆகாது, போ' என்று சொல்வது இந்த அறிவுரைக்கு எதிரானது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். 'ஜாமீன் சொத்து வேண்டும்' என்றால், குறு, சிறு தொழில்களுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக்கூடாது என்ற ரிசர்வ் வங்கி உத்தரவை நினைவூட்டுங்கள். பிணை இல்லாத கடனுக்கு வங்கிக்கு உத்தரவாதம் தர 2000-லேயே தனி நிதி அமைப்பு உருவாக்கப்பட்டிருக்கிறது. மேலாளர் பயப்பட வேண்டியதில்லை.

புகாருக்கு வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். கடன் தருவதா வேண்டாமா என்ற வங்கியின் வணிக முடிவில் குறைதீர்ப்பாளர் தலையிட மாட்டார். ஆனால் விதிப்படி நடக்காதது, விண்ணப்பத்தையே வாங்காதது, பதில் சொல்லாதது ஆகியவை சேவைக் குறைபாடுகள். அவற்றைக் கேள்வி கேட்கலாம். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுங்கள். அந்த மனு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரின் மேசைக்குப் போகும்.

உங்கள் கணக்கு, உங்கள் கையில்

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். இணைய மோசடிக் கும்பல்கள் திருடிய பணத்தைக் கைமாற்ற ஏழைகளின் பெயரில் கணக்குத் தேடி அலைகின்றன. 'ஒரு கரண்ட் அக்கவுன்ட் தொடங்கிக் கொடு, பத்தாயிரம் தருகிறேன்' என்று படித்து வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்களை வலைவீசுகிறார்கள். ஏடிஎம் கார்டும் சிம் கார்டும் அவர்கள் கைக்குப் போகும். வழக்கு நம் பிள்ளையின் தலையில் விழும். கல்லூரி மாணவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நடப்புக் கணக்குத் தொடங்க வங்கிகள் இன்று துருவித் துருவிக் கேட்பதற்கு இந்த மோசடிகளும் ஒரு காரணம்.

இன்னொரு வகை நம் ஊர்களுக்குப் பழக்கமானது. ஒதுக்கீட்டில் வரும் ஒப்பந்தம், ஏஜென்சி, மானியக் கடன் ஆகியவற்றைத் தலித் ஒருவரின் பெயரில் வாங்கி, தொழிலை வேறொருவர் நடத்துவது. பெயருக்கு முதலாளியானவர் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளைக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டிருப்பார். கடன் நின்றுபோனால் நோட்டீஸ் மட்டும் அவர் வீட்டுக்கு வரும். காசோலைப் புத்தகம், ஓடிபி வரும் போன், ஏடிஎம் கார்டு மூன்றும் யார் கையில் இருக்கின்றனவோ அவர்தான் முதலாளி. மானியத்தில் பங்கு கேட்கும் தரகரிடமும் இதே கவனம் வேண்டும்.

எண்ணிச் சொல்லச் சொல்வோம்

தனி ஆள் விதியைத் தெரிந்துகொண்டு போராடுவது ஒரு பக்கம். ஒட்டுமொத்தக் கணக்கைக் கேட்பது இன்னொரு பக்கம். 2015 ஆகஸ்ட் 15-ல் செங்கோட்டையில் பேசிய பிரதமர் மோடி, நாட்டில் உள்ள 1.25 லட்சம் வங்கிக் கிளைகளும் ஆளுக்கு ஒரு தலித் அல்லது ஆதிவாசித் தொழில்முனைவோரையும், ஒரு பெண் தொழில்முனைவோரையும் உருவாக்க வேண்டும் என்றார். 2016 ஏப்ரல் 5-ல் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் தரும் ஸ்டாண்ட்-அப் இந்தியா திட்டம் வந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து மத்திய அரசே கணக்கை வெளியிட்டது. பெண்களின் கணக்குகள் 1,90,844. பட்டியல் வகுப்பினர் 46,248, பழங்குடியினர் 15,228. இரண்டையும் கூட்டினால் 61,476. கிளைக்கு ஒருவர் என்று வைத்தாலும், இந்தக் கணக்குப்படி பாதிக் கிளைகளைக்கூட எட்டவில்லை. பெண்கள் விஷயத்தில் இலக்கைத் தாண்டிய அதே வங்கிகள், நம் விஷயத்தில் பாதி வழியில் நின்றுவிட்டன. திட்டத்தை நடத்தத் தெரியாததால் வந்த குறை இல்லை இது.

நம் மாவட்டத்தில் எத்தனை? எந்தக் கிளை கொடுத்தது, எந்தக் கிளை ஒன்றுகூடக் கொடுக்கவில்லை? இதைக் கேட்பதில்தான் பலம் இருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கு வங்கிகள் வீட்டுக் கடன் தராமல் ஒதுக்கி வந்தன. எந்தப் பகுதிக்கு எவ்வளவு கடன் கொடுத்தோம் என்று வெளியிட வேண்டும் என 1975-ல் அங்கே சட்டம் வந்தது. 1989-ல் அதைத் திருத்தி, விண்ணப்பித்தவரின் இன விவரத்தையும் சேர்த்தார்கள். யாருடைய விண்ணப்பம் அதிகம் நிராகரிக்கப்படுகிறது என்பது அதன் பிறகு எண்ணாகவே தெரிந்தது. அந்த எண்ணை வைத்து மக்கள் அமைப்புகள் வங்கிகளோடு பேசின. அதுவரை 'நாங்கள் பாகுபாடு பார்ப்பதில்லை' என்று சொல்லி வந்தவர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

நமக்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொதுத்துறை வங்கிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கியாளர்களின் ஆலோசனைக் குழு கூடுகிறது. தருமபுரியின் முன்னோடி வங்கியான இந்தியன் வங்கி அதை ஒருங்கிணைக்கிறது. அந்தக் கூட்டத்தில் கிளைவாரியாக மூன்று எண்களை வைக்கச் சொல்லி நம் அமைப்புகளும், உள்ளாட்சிப் பிரதிநிதிகளும், கல்லூரி மாணவர்களும் மனுக் கொடுக்கலாம். பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் தொழிலின் பெயரில் தொடங்கிய நடப்புக் கணக்குகள் எத்தனை. அவர்கள் கொடுத்த தொழில் கடன் விண்ணப்பங்களும் அனுமதிக்கப்பட்டவையும் எத்தனை. நிராகரிக்கப்பட்டவற்றில் மேல்நிலை அதிகாரியின் முடிவோடும் எழுத்து மூலக் காரணத்தோடும் திருப்பப்பட்டவை எத்தனை.

படிக்கும் பிள்ளைகள் வீட்டில் ஒரு வேலை செய்யலாம். அப்பாவோ அம்மாவோ, அண்ணனோ அக்காவோ சின்னதாக ஒரு தொழில் செய்தால், இந்த வாரமே உத்யம் பதிவைச் செய்து கொடுங்கள். கடைக்கு ஒரு பெயர் வையுங்கள். அந்தப் பெயரில் கணக்குத் தொடங்க விண்ணப்பம் எழுதி, கூடப் போய் நில்லுங்கள். கடன் கேட்கும் நாளில் கணக்குத் தொடங்கினால், மேலாளர் பார்ப்பதற்கு அதில் எதுவும் இருக்காது. தொழில் தொடங்கும் நாளிலேயே தொடங்கினால், கடன் கேட்கப் போகும்போது உங்களுக்காகப் பேச ஒரு வருட வரவு செலவு இருக்கும்.